ஆமென் வரைக்கும்

“யோகா ஏதாவது செய்யிறீங்களாம்மா?” என்று கண் டாக்டர் கேட்டபோது என் அம்மா செல்லபாய் கொஞ்சமும் தடுமாறவில்லை. “இல்ல டாக்டர்” என்றாள். பொய் சொன்னால் அம்மாவுக்குக் குரல் கம்மிவிடும். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அன்று கம்மவில்லை. அவளைப் பொறுத்தவரை அவள் சொன்னது பொய்யே இல்லை. அவள் செய்துகொண்டிருந்தது யோகா அல்ல என்று எங்கள் சபைக் கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது.

இந்தக் கமிட்டிக் கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் சபை. சபைப் பெண்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்கு இடுப்பு வலி. நாகர்கோவிலில் யோகா சிகிச்சை கொடுக்கும் கிருஷ்ணமணி அக்காவை வாராவாரம் வரவழைத்து ஆலய மண்டபத்தில் வகுப்பு நடத்தலாம் என்று பெண்கள் சங்கம் கேட்டது. கமிட்டிச் செயலாளர் யேசுரத்தினம் குதித்தார் பாருங்கள், அப்படிக் குதித்தார். “யோகாவா? ஆலயத்துக்க மண்டபத்திலயா? நாளைக்கு தேங்கா ஒடைப்பியளா?” என்றார். அப்புறம் அவர் மனைவிக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டில் நேரத்துக்குச் சாயா கிடைக்கவில்லை போலிருக்கிறது, மனிதர் இறங்கி வந்தார்.

இறங்கி வந்தவர் சும்மா வரவில்லை. யோகா என்ற பெயர் கூடாது, உடற்பயிற்சி வகுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். மந்திரம் கூடாது. மனதை வெறுமையாக வைத்துக்கொண்டு யாரும் இருக்கக் கூடவே கூடாது, ஆளில்லாத வீட்டில்தான் பிசாசு புகும் என்றார். அதனால் ஒவ்வொரு நிலையிலும் நிற்கும்போது யாராவது ஒருவர் ஜெபம் பண்ண வேண்டும். ஆமென் சொன்ன பிறகுதான் நிலையைக் கலைக்க வேண்டும்.

கிருஷ்ணமணி அக்கா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். “எண்ணுகதுக்குப் பதிலா ஜெபம். எனக்கு என்ன சேதம்? ஆனா சின்ன ஜெபமா இருக்கணும், கேட்டியளா” என்றாள். ஆசனங்களுக்கும் பெயர் மாறியது. மல்லாந்து படுத்து, தோளில் உடம்பைத் தாங்கி, இடுப்புக்குக் கையை முட்டுக்கொடுத்து, இரண்டு காலையும் நேரே மேலே தூக்கி நிற்பார்களே, சர்வாங்காசனம், அதற்கு எங்கள் பெண்கள் வைத்த பெயர் மெழுகுவர்த்தி.

வகுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினாள். என்னோடு சண்டை போடுவதுகூடக் கொஞ்சம் குறைந்தது. சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

டாக்டர் மறுபடியும் அம்மாவைக் கருவியில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடுகிற நோய். அம்மாவுக்கு வந்திருக்கிற வகையில் வலி இருக்காது, கண் சிவக்காது. முதலில் ஓரத்துப் பார்வை போகும். நடுவில் உள்ளது கடைசியில் போகும், அப்போதுதான் ஆளுக்கே தெரியும். தினமும் சொட்டு மருந்து விட்டால் அழுத்தம் கட்டுக்குள் நிற்கும். அம்மாவுக்கு நின்றுகொண்டுதான் இருந்தது. இந்த முறை கூடியிருந்தது.

“மருந்து ஒழுங்கா விடுறீங்க. பிறகு ஏன் கூடுது?” டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். “இடது கண்ணுல ஓரப் பார்வை இன்னும் கொஞ்சம் போயிருக்கும்மா. போனது திரும்பாது. இருக்கிறதைத்தான் காப்பாத்தணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தலை கீழே போற மாதிரி எதுவும் செய்யக் கூடாது. யோகா செய்யிற சிலர் சிரசாசனம், சர்வாங்காசனம் எல்லாம் செய்வாங்க. அந்த நேரத்துல கண்ணுல அழுத்தம் சட்டுனு ஏறும். நல்ல கண்ணு தாங்கும், இவங்க கண்ணு தாங்காது. நடக்கலாம். உக்காந்து அமைதியா மூச்சுப் பயிற்சி செய்யலாம். அதுல தப்பில்ல.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க மகளா? நீங்களும் ஒரு தடவை பரிசோதனை பண்ணிக்கணும். இது குடும்பத்துல வர்ற நோய்” என்றார் டாக்டர். அவர் முடிப்பதற்குள் அம்மா எழுந்து பையைத் தோளில் மாட்டிவிட்டாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு டாக்டர். அவளுக்கு ஒண்ணும் இல்ல” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மார்த்தாண்டம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்வரை பொறுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊரே சொல்லும். அன்று பொறுத்ததற்கு எனக்கு ஒரு மெடல் தர வேண்டும்.

“அம்மா, அந்த மெழுகுவர்த்திதான் சர்வாங்காசனம்.”

“அது உடற்பயிற்சி மக்கா.”

“பேரை மாத்தினா தல மேல வந்துருமா? கீழதான இருக்கு?”

“பைய பேசுட்டி. ஆளு கேக்கும்.”

“மொத நாளு அந்த அக்கா கேக்கல்லியா, யாருக்கு என்ன சூக்கேடு உண்டுன்னு?”

“கேட்டா” என்றாள் அம்மா. “பிரஷர், கழுத்து, கண்ணு, இருதயம், யாருக்கு வல்லதும் உண்டுன்னா கையைத் தூக்குங்கன்னு மைக்குல கேட்டா.”

“நீ தூக்கல்லியா?”

“யாரு தூக்கினா? ஒருத்தி தூக்கல்ல. எனக்க பக்கத்துல ரோஸ்லெட் இருக்கா. நான் எப்படிட்டி தூக்குவேன்?”

ரோஸ்லெட் மாமி என்பது ஜெபிஷின் அம்மா. ஜெபிஷ் கத்தாரில் வேலை பார்க்கிறான். அடுத்த லீவில் வரும்போது எனக்கும் அவனுக்கும் நிச்சயம் வைப்பதாக இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. போனில் அவன் பேச ஆரம்பித்தால் வேலை பார்க்கும் மார்த்தாண்டம் ஷோரூமில் பில் போட்டுக்கொண்டே நான் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பேன்.

பெண் பார்க்க வந்த அன்று ரோஸ்லெட் மாமி கேட்ட முதல் கேள்வியே, “குடும்பத்துல வல்ல நோயும் உண்டா?”, அதாவது ஏதாவது நோய் உண்டா என்பதுதான். அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரணியலில் இருக்கும் என் தாய்மாமா குமாரதாஸுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. “அண்ணனுக்கு சுகருல்லா. அதுல போச்சு. எங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்று அம்மா சொன்னாள். மாமாவுக்குச் சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதே கண் அழுத்தம்தான். அன்றிலிருந்து அம்மாவின் சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் காப்பிப்பொடி டப்பாவுக்குள் போனது. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் மருந்து விடுவாள். அப்பா இறந்துபோன வீட்டில், என்னைத் தவிர யாருமே இல்லாத வீட்டில், யாருக்கு ஒளிக்கிறாள் என்று நான் கேட்டதுண்டு. பழக்கம் வரணும்லா என்பாள்.

“எனக்க கண்ணு போனாலும் போட்டு. ஒனக்க கல்யாணம் நடக்கட்டும்” என்றாள் பஸ்ஸில்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஜன்னல் கம்பியைப் பிடுங்கியிருப்பேன். “எனக்க கல்யாணத்துக்கு நீ கம்பு ஊணிட்டு வருவியா? மணவறையில எனக்க மொகத்தைத் தடவிப் பாப்பியா?” என்று கேட்டுவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டது கொடூரம்தான், ஆனால் அப்போது எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

கிருஷ்ணமணி அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். “அவ நல்லவதான். ஆனா பஸ் ஸ்டாப்புல இருந்து ரோஸ்லெட்டுக்க ஸ்கூட்டர்லதான ஆலயத்துக்கு வந்து போறா. வாய்விட்டுச் சொல்லிப்போட்டான்னா?”

“அப்ப சனிக்கிழமை நீ காலைத் தூக்கப்பிடாது. சத்தியம் பண்ணு.”

சனிக்கிழமை பெண்கள் சங்கத்தின் ஆண்டு விழா. வகுப்பில் படித்ததை எல்லாம் மேடையில் செய்து காட்டப் போகிறார்கள்.

“சத்தியமெல்லாம் பண்ணப்பிடாது.”

“செரி, சொல்லவாவது செய்.”

“தூக்கல்ல. முழங்கால் வலின்னு சொல்லிட்டு இருந்துருவேன்” என்றாள். குரல் கம்மியது.

அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம் ஷோரூமில் அரை நாள் லீவு போட்டுவிட்டு மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே ஃபேன் சுற்றியும் புழுக்கம். மேடையில் நீலப் பாய்களை விரித்து, பெண்கள் வெள்ளைச் சுடிதாரில் நின்றார்கள். அம்மா அதுவரை சுடிதாரே போட்டதில்லை. துப்பட்டாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பு மாதிரி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஓரத்துப் பாயில் உட்காரப் போனவளை ரோஸ்லெட் மாமி விடவில்லை. “செல்லபாய், அங்கன எதுக்கு? இஞ்ச வா, எனக்க பக்கத்துல வா” என்று நடுவில் இழுத்து உட்காரவைத்தாள். சம்பந்தி ஆகப்போகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து முன் வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. உட்கார்ந்து செய்கிற மூச்சுப் பயிற்சி, கையைத் தூக்கி நிற்பது, பக்கவாட்டில் வளைவது. ஒவ்வொன்றுக்கும் யேசுரத்தினத்தின் மனைவி ஸ்டெல்லா ஒரு வரி ஜெபம் சொன்னாள். கூட்டம் ஆமென் சொல்லும், பெண்கள் நிலையைக் கலைப்பார்கள். அம்மா அழகாகச் செய்தாள். நான் மூச்சுவிட ஆரம்பித்தேன்.

“கடைசியா மெழுகுவர்த்தி” என்றாள் கிருஷ்ணமணி அக்கா. “முடியாதவங்க படுத்துக்கிட்டு காலை மடக்கி வச்சிருந்தா போதும். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

பெண்கள் மூக்குக் கண்ணாடிகளைக் கழற்றிப் பாய் ஓரத்தில் வைத்துவிட்டுப் படுத்தார்கள். அம்மா படுத்து முழங்காலை மடக்கி வைத்தாள். சொன்ன பேச்சைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். ரோஸ்லெட் மாமி தலையைத் திருப்பிப் பார்த்தாள். “என்ன செல்லபாய், ஒடம்புக்கு வல்லதும் உண்டா?” என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். இரண்டாவது வரிசை வரை கேட்டது.

“சே, ஒண்ணும் இல்லியே” என்றாள் அம்மா. இரண்டு காலும் மேலே போயின.

நான் பாதி எழுந்துவிட்டேன். ஒரு வரி ஜெபம்தானே, முடிந்துவிடும் என்று மறுபடி உட்கார்ந்தேன். அப்போதுதான் யேசுரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்துவந்து மனைவிக்கு முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். “விசேஷ நாள்லா. இந்த ஜெபத்தை நானே ஏறெடுக்கேன்” என்றதும் ஸ்டெல்லாவும் போய் ஒரு பாயில் படுத்துக் காலைத் தூக்கினாள்.

“சின்னதா சார்” என்றாள் கிருஷ்ணமணி அக்கா.

“சின்னதுதான்.”

எங்கள் சபையில் யேசுரத்தினத்தின் சின்ன ஜெபத்துக்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும்.

“ஜெபிப்போம்” என்றார். மண்டபம் முழுக்கத் தலை குனிந்து கண்ணை மூடியது. போதகர் மூடினார், மேடையில் தலைகீழாக நின்ற பெண்கள் மூடினார்கள், கிருஷ்ணமணி அக்காகூட மரியாதைக்குத் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள். அத்தனை பேரில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது நான் ஒருத்திதான்.

மழைக்காக ஸ்தோத்திரம் சொன்னார். ரப்பர் விலை ஏற வேண்டும் என்று கேட்டார். கடல் கடந்து வேலை செய்கிற பிள்ளைகளை ஒவ்வொரு நாடாகச் சொல்லி ஒப்புக்கொடுத்தார். அம்மாவின் முகம் சிவந்தது. மண்டபத்துப் புது ஒலிபெருக்கிக்கு நன்றி சொன்னார், அதை வாங்கிக் கொடுத்த குடும்பத்துக்கு நன்றி சொன்னார். அம்மாவின் நெற்றியில் நரம்பு புடைத்தது. ஒரு பெண்ணின் கால் ஆடியது, ஆனால் இறங்கவில்லை. ஜெபத்தின் நடுவில் காலை இறக்குவதாவது, ஆமென் வரைக்கும் நின்றுதான் ஆக வேண்டும். எங்கள் பெண்கள் அப்படி வளர்ந்தவர்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தவள், அதனால்தான் என் கால் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஜெபத்துக்குக் குறுக்கே இதுவரை யாராவது பேசிக் கேட்டிருக்கிறேனா? கைக்குழந்தை அழுதால்கூட வெளியே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

இன்னும் கொஞ்சம் போயிருக்கும்மா. போனது திரும்பாது. டாக்டரின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். தலைகீழாக என்னைத் தேடிப் பிடித்தாள். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. நான் எழுந்து நிற்பதைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். கெஞ்சினாள். என் அம்மா என்னிடம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

“ஆஸ்பத்திரிகளில் வாதிக்கப்படுகிற நோயாளிகளை நினைத்தருளும் ஆண்டவரே” என்றார் யேசுரத்தினம். “குருடருக்குப் பார்வை அளிக்கிறவரே...”

“ஆமென்!” என்று கத்தினேன்.

பழக்கம் என்பது பெரிய விஷயம். மண்டபமே “ஆமென்” என்றது. போதகர் சொன்னார், கிருஷ்ணமணி அக்கா சொன்னாள், யேசுரத்தினம்கூட வாய் தவறிச் சொல்லிவிட்டார். மேடையில் கால்கள் எல்லாம் தொப்புத் தொப்பென்று இறங்கின.

“யாரு ஆமென் சொன்னது? ஜெபம் முடியல்லியே!” யேசுரத்தினம் மைக்கிலேயே கேட்டார். பின் வரிசையில் சிரிப்பு. அவருக்கு முகம் கறுத்தது. “ஆண்டவருக்குச் செய்கதை அரையும் குறையுமா விடப்பிடாது. பெண்கள் எல்லாரும் மறுபடி நிலைக்கு வாங்க.”

அம்மா எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடி அவள் இடது கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஒரு சாண்கூட இல்லை. அவள் கை பாயைத் தடவியது, தரையைத் தடவியது, கண்ணாடியைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்து மறுபடியும் தாண்டியது. ரோஸ்லெட் மாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள். “இஞ்சதான இருக்கு. காணல்லியா?”

“வேர்வை கண்ணுல விழுந்துட்டு” என்று அம்மா சிரித்தாள். வாங்கின கண்ணாடியைப் போடாமல் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி மல்லாந்தாள். கையை இடுப்புக்குக் கொண்டுபோனாள்.

அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. மேடைப் படியில் முழங்கால் இடித்தது ராத்திரிதான் தெரிந்தது.

“தூக்காதம்மா! தூக்காத!” அவள் இரண்டு காலையும் பிடித்துக் கீழே அமுக்கினேன். “எனக்க அம்மைக்கு கண் அழுத்தம் உண்டு. மாமாவுக்கு சுகரும் இல்ல ஒண்ணும் இல்ல, இதே நோயிதான் ரெண்டு கண்ணையும் கொண்டுபோச்சு. இனி ஒருக்கா தூக்கினா இவளுக்கு மிச்சம் இருக்கதும் போவும். நீங்க விடிய விடிய ஜெபம் பண்ணுங்க, ஆனா காலைக் கீழ வச்சிட்டுப் பண்ணுங்க!” ரோஸ்லெட் மாமியைத் திரும்பிப் பார்த்தேன். “மாமி, வல்ல நோயும் உண்டான்னு கேட்டியள்லா? உண்டு.”

அம்மா எழுந்து உட்கார்ந்து என் கன்னத்தில் ஓர் அடி வைத்தாள். மைக் அந்தச் சத்தத்தையும் பிடித்து மண்டபம் முழுக்கக் கேட்க வைத்தது.

கிருஷ்ணமணி அக்காதான் முதலில் வந்தாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தன் காலை முட்டுக்கொடுத்து நிமிர்ந்து உட்காரவைத்தாள். கண் வலிக்கிறதா, வாந்தி வருகிறதா, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை இல்லை என்று அம்மா தலையாட்டினாள். “நான் மொத நாளே கேட்டேனே அக்கா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒங்களுக்கு வேற பயிற்சி தந்திருப்பேனே” என்றவள் கொஞ்சம் நிறுத்தினாள். “இத்தன பேரு முன்னால மைக்குல கேட்டா யாரு சொல்லுவா? தனித்தனியா கேட்டிருக்கணும். அது எனக்க தப்பு.”

“எனக்கும் ஒண்ணு உண்டு” என்று ஒரு குரல் கேட்டது. ஸ்டெல்லா. பாயில் படுத்தபடியே கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “கழுத்துல எலும்பு தேஞ்சிருக்கு. ஸ்கேன் எடுத்தாச்சு. கையெல்லாம் மரக்குது.”

“ஏட்டி, என்கிட்ட சொல்லல்லியே?” என்றார் யேசுரத்தினம்.

“நீங்கதான எனக்கு ஜெபத்துல சுகமாச்சுன்னு போன மாசம் சபையில சாட்சி சொன்னிய. பின்ன நான் எப்படி வலிக்குன்னு சொல்லுவேன்?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யேசுரத்தினம் மைக்கை அணைத்துவிட்டு மனைவியைத் தூக்கிவிடப் போனார்.

ரோஸ்லெட் மாமி தன் பாயைச் சுருட்டினாள். மெதுவாக, விளிம்பு பிசகாமல் சுருட்டி நாடா கட்டினாள். போகும்போது அம்மாவிடம் மட்டும் சொன்னாள். “நாங்க ஆலோசிச்சு சொல்லுகோம்.” எங்கள் பக்கத்தில் அதற்கு இல்லை என்றுதான் பொருள்.

வீட்டுக்கு வந்தோம். சட்டியில் மீன் குழம்பு அப்படியே இருந்தது, இரண்டு பேரும் தொடவில்லை. மருந்து விடுகிற நேரம் வந்ததும் காப்பிப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். “குளிமுறிக்குப் போகல்லியா?” என்று கேட்டேன்.

“இனி யாருக்குட்டி ஒளிக்க?” என்று முகத்தை மேலே தூக்கிக் காட்டினாள். “ஊத்து.”

நான்தான் ஊற்றினேன். அடித்த கன்னம் எனக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் மேல் கோபம் இருந்தது, பாவமும் இருந்தது. எது கூடுதல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் ஜெபிஷ் கூப்பிட்டான். சுற்றி வளைக்காமல், “நீ கண்ணு டெஸ்ட் பண்ணினியா?” என்றான்.

“எதுக்கு? ரிப்போர்ட்டைப் பாத்துட்டுதான் கட்டுவியளோ? நல்ல மாடுதானான்னு பல்லைப் பிடிச்சுப் பாக்கணுமா?”

“அஜிதா, நான் அதுக்குக் கேக்கல்ல...”

போனை வைத்துவிட்டேன். அவன் கேட்டதில் தப்பில்லை. அதையேதான் டாக்டரும் செய்யச் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தபோது நானும் சந்தோஷமாகத்தான் இழுபட்டுப் போனேன். எனக்கும் பயம்தான். குமாரதாஸ் மாமா தட்டில் சோற்றைத் தேடுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்குப் பயம் இல்லாமல் இருக்குமா?

திங்கட்கிழமை அம்மாவே என்னை எழுப்பினாள். முதல் பஸ்ஸிலேயே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் பேசினாள். “டாக்டர், நான் யோகா செஞ்சேன். அதுக்கு வேற பேரு வச்சிருந்தோம். காலைத் தூக்குகதும் செஞ்சேன். இனி செய்ய மாட்டேன்.” பிறகு என்னை முன்னால் தள்ளினாள். “இவளையும் பாத்துருங்க.”

கருவியில் தாடையை வைத்தேன். கண்ணில் காற்று வந்து இடிக்கும், மூடக் கூடாது என்றாள் நர்ஸ். நான் மூடினேன். மறுபடி மூடினேன். நர்ஸுக்கு எரிச்சல் வந்தது. அம்மா பின்னால் வந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “கண்ணை மூடாத மக்கா. தெறந்து வையி. ஆண்டவரே, எனக்க மகளுக்க கண்ணைக் காத்துக்கிடும். ஆமென்.” அவ்வளவுதான் ஜெபம். கண்ணை மூடாமல் காற்றை வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு வேறு கருவி, வேறு வெளிச்சம், வேறு அறை. டாக்டர் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “வலது கண்ணு நல்லாருக்கு. இடது கண்ணுல அழுத்தம் கூடியிருக்கு. நரம்பு இன்னும் கெடல. இப்பவே வந்தீங்க, பரவாயில்ல. இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சுரலாம். ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.”

வெளியே வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. அம்மா என் கன்னத்தைத் தொட்டாள், அடித்த இடத்தையே தொட்டாள்.

“எனக்க கண்ணைத்தான் ஒளிச்சு வைக்கேன்னு நினச்சேன்” என்றாள். “ஒனக்க கண்ணையும் சேத்துல்லா ஒளிச்சு வச்சிட்டேன் மக்கா.”

அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். இடது பக்கம் தெரியாததால் முகத்தைத் திருப்பித் திருப்பி எண்ணைத் தேடினாள். நான் உதவப் போனேன். வேண்டாம் என்றாள்.

“ரோஸ்லெட், நான் செல்லபாய். ஆஸ்பத்திரியில இருந்து பேசுகேன். அஜிதாவுக்கும் உண்டு. ஆரம்பம்தான், மருந்து விட்டா நிக்கும்னு டாக்டர் சொல்லுகாரு. ஒளிக்கல்ல, சொல்லியாச்சு. இனி நீ ஆலோசிச்சு சொல்லு.”

குரல் கொஞ்சமும் கம்மவில்லை.